புங்கை இலையில் முளைக்கும் விரல்கள்: காட்டுச்செடிகளில் நோய்க்காரணம் அறியும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரிப்பக்கம் காலையில் நடப்பவர்கள், கன்னடத்தில் ஹொங்கே எனப்படும் நம் புங்க மரத்தின் இலைகளில் சிறு விரல்கள் போன்ற புடைப்புகளைக் கண்டிருக்கக்கூடும். பலரும் அதை வைரஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணத்தைத் தேட, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு பிளேடும் வெள்ளைத் தாளும் போதும்.

முதலில் செடி இன்னதென உறுதிசெய்து, அதே செடியின் நல்ல இலையொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இலையைப் பறிக்கும் முன் சுற்றிலும் பாருங்கள். ஒரே இனச் செடி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் பூச்சியோ நுண்ணுயிரோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, நடைபாதை ஓரத்தில் உறவில்லாத பல அகன்ற இலைச் செடிகளின் கொழுந்துகள் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொண்டு, நடுவே இருக்கும் புல் மட்டும் வாடாமல் நின்றால், 2,4-டி போன்ற களைக்கொல்லியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். மேற்புறத்தை மட்டும் படமெடுத்து அனுப்பி, என்ன நோய் என்று கேட்பதில் பயனில்லை. முள்ளுக்கீரையின் அடிப்புறத்தில் வெண்கொப்புளங்கள் இருந்து, விரலால் தேய்த்தும் அழியாவிட்டால் அது வெண்துரு நோய். கொப்புளங்கள் இலையின் மேல்தோலுக்கு அடியில் உருவாவதே அதற்குக் காரணம். அம்மான் பச்சரிசியில் படியும் சாம்பல் நோயின் வெண்பொடியோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

புடைப்பு இருந்தால் அதைப் பிளந்து பார்ப்பதே முக்கியமான படி. காய்ந்து பழுப்பேறிய புடைப்பு பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆகவே புங்கை தளிர்க்கும் கோடையில், பசுமையான இளம்புடைப்பு ஒன்றை நீளவாக்கில் வகிர்ந்து, வெள்ளைத் தாளில் வைத்து, வெயில் படும்படி பொறுமையாக உற்றுப் பாருங்கள். வெளிறிய துகள்கள் மெல்ல நகர்வது தெரிந்தால், அவைதான் அந்த விரலை எழுப்பச் செய்த சிலந்திப்பேன்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளமே இருக்கும்; புழு போன்ற உடலின் முன்பகுதியில் நான்கே கால்கள். சுவரைக் கட்டியது புங்கை, குடியிருப்பது பேன். ஏழிலைப்பாலையின் இலைப்புடைப்பைப் பிளந்தால், உள்ளே ‘தாவும் பேன்’ எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியின் குஞ்சு கிடைக்கும்.

உள்ளேயும் வெளியேயும் எதுவும் அகப்படாதபோதுதான் வைரஸைப் பற்றி நினைக்க வேண்டும். அரிவாள்மனைப் பூண்டின் நரம்புகள் மட்டும் மஞ்சள் வலைபோல் ஒளிர்ந்தால், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என ஊகிக்கலாம். ஆனால் செடியை அசைத்ததும் ஈக்கள் பறப்பது மட்டும் சான்றாகாது. பார்த்தீனியத்தின் பூக்கள் வெண்மை இழந்து பச்சை இலைகளாக மாறியிருந்தால், தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிர் காரணமாக இருக்கலாம். அந்தச் செடி தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை அணிந்தே தொடுங்கள். இவ்விரண்டையும் ஆய்வகத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான் உறுதிப்படுத்தும்; அதுவரை குறிப்பேட்டில் ‘இருக்கலாம்’ என்றே எழுதி வையுங்கள்.