மர்ம நாவலைக் கூடி வாசிக்க ஒரு கொப்பி

நாலைந்து பேர் சேர்ந்து, தலையைச் சுற்றவைக்கும் மர்ம நாவல் ஒன்றை வாசிக்கப் போறீங்களா? எந்த அத்தியாயத்தோடு நிறுத்துவது என்று முதலே கதைத்து முடிவெடுங்கோ. அதைத் தாண்டி வாசித்தவர் வாய் திறக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

அடுத்தது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய நோட்டு). பக்கத்தை மூன்றாகப் பிரித்து, ஆர் சொல்கிறார், கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று எழுதுங்கோ. குழப்பம் பெரும்பாலும் கடைசி இரண்டும் கலப்பதால்தான் வருகிறது.

பழக நல்லது துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, ஜி. குப்புசாமியின் தமிழாக்கம் இருக்கிறது. 1591 இல் இஸ்தான்புல்லில் நடக்கும் கதை. பிணம், நாய், மரம், காசு என்று ஆளாளுக்குப் பேசும். கொலைகாரனும் பெயரை மறைத்துக்கொண்டு பேசுவான். அவனுடைய அத்தியாயங்களை மட்டும் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கோ. பேச்சின் சாயலை வைத்தே ஆளைப் பிடிக்கப் பார்ப்பதில் இருக்கிற சுவை தனி!

மாதம் ஒருமுறை, போயா (பௌர்ணமி) லீவில்தான் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் ஒன்றுசேர முடியுமென்றால், முதலில் கொப்பியை வாசித்துவிட்டுத் தொடங்குங்கோ. மொத்தம் 59 அத்தியாயங்கள். இருபது இருபதாகப் பிரித்தால் மூன்று போயாவில் முடிந்துவிடும்.