போட்டோவுக்காக ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்: குதிரையேற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுப்பரீட்சை முடிந்து கோடை விடுமுறை விட்டதும் குதிரையேற்றப் பள்ளிகளில் புதுமுகங்கள் வந்து சேருவார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பாக்களில் சிலர் அடுத்த வாரமே தாங்களும் சேர்ந்துவிடுவார்கள். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் சனி, ஞாயிறு காலையில் வருவார்கள். நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குதிரைக்குப் பின்னால் போய் நிற்காதே, ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே என்பதெல்லாம் வாசல் பலகையிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். பலகையைப் படித்த பிறகும் செய்கிற தவறுகள் இவை.

## பைக் ஹெல்மெட்டோடு வருவது

வேண்டாம். அது சாலைக்குச் செய்தது. விழும்போது அதன் கனம் கழுத்தை இழுக்கும், காதை அடைக்கும், ஓரப்பார்வையை மறைக்கும்.

## ஆணியில் தொங்கும் பொது ஹெல்மெட்

பல பள்ளிகளில் நான்கைந்து ஹெல்மெட்டுகள் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அது எத்தனை பேரோடு எத்தனை முறை தரையில் மோதியது என்பது யாருக்கும் தெரியாது. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது டிவி பெட்டியில் வருகிற தெர்மாகோல் வகைதான், கொஞ்சம் அடர்த்தியானது. மோதும்போது அது நசுங்கி, தலைக்கு வரவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப உப்பாது. மேல் ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே சரக்கு தீர்ந்திருக்கும். அதனால்தான் ஒரு பலத்த அடிக்குப் பிறகு மாற்று என்கிறார்கள். அடியே படாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில், மூடிய காருக்குள் நாள் முழுக்கக் கிடக்கும் ஹெல்மெட் அதைவிடச் சீக்கிரமே கெடும்.

எனவே முதலில் வாங்கவேண்டியது சொந்த ஹெல்மெட். மினுங்கும் நீள பூட்ஸையும் சவாரிக்கான வெள்ளைக் கால்சட்டையான பிரீச்சஸையும் வாங்கிவிட்டு, தலைக்கு மட்டும் ஆணியில் இருப்பதை எடுக்கிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015, விஜி1 என்ற பாதுகாப்புத் தரக் குறியீடுகளில் ஒன்றாவது இருக்கவேண்டும். வெல்வெட் போர்த்திய அலங்காரத் தொப்பியில் அப்படி எதுவும் இருக்காது.

மாட்டிப் பார்க்கும்போது விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்கட்டும். வாரைப் போடுவதற்கு முன்பே தலையை ஆட்டிப் பாருங்கள்; ஹெல்மெட் தலையோடு சேர்ந்து அசையவேண்டும், தனியாக ஆடக் கூடாது. தாடை வாருக்கு அடியில் ஒரு விரல் நுழைந்தால் போதும். பெண்கள் கொண்டையை உச்சியில் தூக்கிப் போட்டால் எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. கழுத்துக்குக் கீழே தாழ்வாக ஒரு பின்னல் போடுங்கள். கிளிப், ஹேர்பின் எதுவும் உள்ளே வேண்டாம்; விழும்போது குத்துவது அவைதான்.

## துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஷால்

கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள்.

## ஸ்போர்ட்ஸ் ஷூ

கீழே விழுவதைவிடக் கொடியது, கால் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கிற வளையம்) மாட்டிக்கொண்டு இழுபடுவது. குதிரை மிரண்டு ஓட, ஆள் தரையில் தலை மோத இழுபட்டுப் போவார். ஸ்போர்ட்ஸ் ஷூவில் குதிகால் மேடு இல்லை, அதனால் பாதம் முழுதும் வளையத்துக்குள் நுழைந்துவிடும். அடிப்பாகத்தின் பள்ளம் மேடு வெளியே வரவும் விடாது. ஒரு அங்குலக் குதிகாலும் வழவழப்பான அடிப்பாகமும் உள்ள எளிய தோல் ஷூ போதும். வளையம் ஷூவைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டும்.

ஒரு பக்கம் ரப்பர் வளையம் உள்ள பாதுகாப்பு அங்கவடிகள் பல இடங்களில் உண்டு. பாதம் இழுக்கும்போது ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். அந்த ரப்பர் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். வெயிலில் அது வெடித்து அறுந்தபின், ஒரு கயிற்றைக் கட்டிச் சமாளிக்கும் லாயங்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு கழலாது. அப்படிப்பட்ட சேணத்தில் ஏறமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, மாணவராக இருந்தாலும்.

## கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்வது

பயத்தில் செய்வது இது. குதிரை தலையை உதறியதும் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் விபத்தை நினைவுபடுத்துகிறேன். 1995 மே 27, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு போட்டி. தடைக்கு முன்னால் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. அவர் முன்னால் பறந்தார், கைகள் கடிவாளத்தில் சிக்கியிருந்ததால் ஊன்ற முடியாமல் தலைகுப்புற விழுந்தார். ஹெல்மெட்டும் உடற்கவசமும் போட்டிருந்தார். மூளை தப்பியது, கழுத்தின் மேல் எலும்புகள் முறிந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனார். 2004இல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். அவர் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார் என்று சொல்லவில்லை. கை சிக்கினால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது பிடிக்கிற கயிற்றுக்கும் இதே விதி. மிச்சக் கயிற்றை மடித்துப் பிடியுங்கள், சுற்றாதீர்கள்.

## குதிரை மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றுவது

இத்தனை வருடம் சொல்லியும் நிற்காத தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

வகுப்பு முடியும். குதிரை வியர்த்து, தலையைத் தாழ்த்தி நிற்கும். வேலிக்கு வெளியே அம்மாவோ தம்பியோ போனைத் தூக்குவார்கள். “ஹெல்மெட்டை எடு, முகம் தெரியல” என்று ஒரு குரல் வரும். உடனே கடிவாள வார் குதிரையின் கழுத்தில் விழும், இரண்டு கையும் தாடைக்குப் போகும். முக்கால் மணி நேரம் கட்டிக் காத்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் கைவிடப்படுகிறது.

என்ன நடக்கிறது என்று குதிரையின் பக்கமிருந்து பாருங்கள். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். இதுவரை அசையாதிருந்த முதுகின் மேல் திடீரென்று இரண்டு கைகள் உயர்கின்றன, கறுப்பாக ஒன்று தலைக்கு மேலே கிளம்புகிறது, வாரின் ‘கிளிக்’ சத்தம் கேட்கிறது. முதுகில் பாயும் மிருகத்துக்குப் பயந்தே பல்லாயிரம் ஆண்டுகள் பிழைத்த இனம் அது. குதிரை மேல் இருந்தபடி ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதனால்தான்.

நடுத்தரக் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் எட்டடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும். குதிரை நின்றுகொண்டிருந்தாலும் கணக்கு மாறாது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் லாயத்தில் ஒரு வயதான பெட்டைக் குதிரை இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளை நம்பி ஏற்றுவோம், அவ்வளவு சாது. கல்லூரிப் பையன் ஒருவன் அதன் மேல் வகுப்பை முடித்தான். அக்கா படம் எடுக்க நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தான். குதிரையின் காது முன்னால் நிமிர்ந்தால் படம் நன்றாக வருமென்று கூட வந்த மாமா ஒருவர் பிஸ்கட் கவரை எடுத்து ஆட்டினார். நான் கத்தியபடி ஓடி வருவதற்குள் மடியிலிருந்த ஹெல்மெட் உருண்டு குதிரையின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. குதிரை ஓடவில்லை, துள்ளவில்லை. ஒரே ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தது. பையன் முன்பிருந்த இடத்திலேயே அந்தரத்தில் இருந்தான், பிறகு விழுந்தான். தலையின் பக்கவாட்டு வேலிக் கட்டையில் மோதியது. தையல் போட்டார்கள், அன்று காலையில் எந்தக் குதிரையில் ஏறினான் என்பது அவனுக்கு இன்றுவரை நினைவில்லை. பிழைத்துக்கொண்டான், படிப்பையும் முடித்தான். மோதிய இடம் இரண்டு விரல் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை அந்த அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

“நின்ற குதிரைதானே”, “நடைதானே”, “சாதுதானே” என்ற நினைப்புதான் இதன் வேர். கோர்ட்னி கிங்-டை அமெரிக்காவுக்காக 2008 ஒலிம்பிக்கில் குதிரையேறியவர்; அந்த ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. 2010 மார்ச்சில் புளோரிடாவில் அவர் ஒரு குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தார். போட்டி இல்லை, தடை தாண்டல் இல்லை, சமதரை. குதிரை தன் காலிலேயே தடுக்கி விழுந்தது. அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். நடக்கவும் பேசவும் திரும்பக் கற்கவேண்டியிருந்தது. அவர் ஆடிய டிரெஸ்ஸாஜ் பிரிவில் (குதிரையைச் சமதரையில் நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) அப்போது உயர்மட்டப் போட்டிகளில் உயரமான கறுப்புத் தொப்பிதான் மரபு, அழகுக்காகத்தான். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஹெல்மெட்டுக்கான குரல் வலுத்தது. 2021 ஜனவரி 1 முதல் சர்வதேச டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் ஹெல்மெட் கட்டாயமானது.

நம் ஊரில் இந்தப் பழக்கம் பள்ளிக்கு வரும் முன்பே தொடங்குகிறது. ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் மெரினா மணலிலும் பிள்ளையைத் தூக்கிக் குதிரைமேல் வைத்துப் படமெடுக்காத குடும்பம் குறைவு. குதிரை என்றால் ஏறி உட்கார்ந்து சிரிக்கும் இடம் என்று அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. இப்போது கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டிலும் குதிரை வந்துவிட்டது. ஒருநாள்கூடக் குதிரை ஏறாத மணமக்கள், பட்டுப்புடவை காற்றில் பறக்க, எதிரே வெள்ளைப் பலகையைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் காட்டும் உதவியாளர். குதிரையை மிரளவைக்க இதைவிட எதுவும் தேவையில்லை.

படம் வேண்டுமென்றால் இறங்குங்கள். இரண்டு காலும் தரையில் இருக்கட்டும், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். குதிரையின் இடது தோள் பக்கம் நின்று எடுத்துக்கொள்ளுங்கள், முகமும் தெரியும். அப்போதும் ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும். குதிரை தலையை வீசினால் அதன் தாடை எலும்பு உங்கள் நெற்றி உயரத்துக்குத்தான் வரும். குதிரையை லாயத்துக்குள் விட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஹெல்மெட் வாரைக் கழற்றவேண்டும். என் மாணவர்கள் குதிரை மேலிருந்து கழற்றினால் அடுத்த வகுப்பில் ஏற்றமாட்டேன். லாயம் கூட்டச் சொல்வேன். பெற்றோர் கோபித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனதும் உண்டு. போகட்டும்.

## உடற்கவசம்

தடை தாண்டத் தொடங்கும்போது கட்டாயம். குத்புதீன் ஐபக் 1210இல் லாகூரில் சௌகான் (அந்தக் காலத்துப் போலோ) ஆடும்போது குதிரையோடு விழுந்து இறந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சேணத்தின் முன்மேடு மார்பில் பாய்ந்தது என்பார்கள். காற்றுப்பை வைத்த கவசம் போட்டால், இறங்கும் முன் சேணத்தோடு இணைத்த வாரைக் கழற்ற மறக்காதீர்கள். மறந்தால் அந்த வார் இழுபட்டு, காற்றுப்பை குதிரையின் காதருகே வெடித்து விரியும்.

## விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது

யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், சோடா கொடுப்பதும் நம் வழக்கம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கல்தான் கை கால்களை முடக்கும். முதலில் ஒருவர் குதிரையைப் பிடிக்கட்டும். விழுந்தவரை அசைக்காமல் பேச்சுக் கொடுங்கள். கழுத்து வலிக்கிறது, விரல் மரத்திருக்கிறது என்றால் ஹெல்மெட்டையும் கழற்றவேண்டாம், 108ஐ அழையுங்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டால் அடுத்த தவறு வரும்: “உடனே ஏறு, அப்போதான் பயம் போகும்.” தலையில் அடிபட்டிருந்தால் அன்று ஏறவே கூடாது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறாரா, வாந்தி எடுக்கிறாரா, தூக்கம் சொக்குகிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. பயத்தை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ போக்கிக்கொள்ளலாம்.

## “குதிரைக்காரரே ஹெல்மெட் போடவில்லையே”

மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி. உண்மைதான். விடியற்காலையில் சேணம்கூட இல்லாமல் வெறும் முதுகில் ஏறிக் குதிரையை ஓட்டிவருகிறவர்கள் அவர்கள். புதிதாக வந்த முரட்டுக் குதிரை மேல் முதலில் ஏறுவதும் அவர்களே. உதை வாங்குவதும் எலும்பு முறிவதும் அவர்களுக்கு நமக்கு நேர்வதைவிட அதிகம். ஹெல்மெட் போடாததற்குக் காரணம், யாரும் வாங்கிக் கொடுக்காததுதான். நீங்கள் படிக்கும் பள்ளியில் அவர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுக்கலாம். நாங்கள் அப்படிச் செய்தோம்.

ஆனால் நீங்கள் விழுந்து அடிவாங்கிய பழைய ஹெல்மெட்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். உதவி என்று நினைத்துப் பலரும் செய்வது இது. அதன் வாரைக் கத்தரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி. புதிது வாங்கும்போது அவருடைய தலையையும் அளந்து வாங்குங்கள்: டேப்பைப் புருவத்துக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு, காதுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டையின் புடைப்பு வழியே கொண்டுவந்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.