ஆற்றைக் காப்பாற்றப் போய் ஆற்றைக் கெடுப்பது

ஆற்றில் கழிவைக் கொட்டுபவரைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. அக்கறையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் நம்மைத் தடுக்க எதுவும் இல்லை. நான் பார்த்த சேதங்களில் பாதி நல்லெண்ணத்தில் செய்தவைதான். ஒன்றில் என் கையும் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு சேர்ந்து கரையைச் சுத்தம் செய்யப் போனேன். பிளாஸ்டிக்கைப் பொறுக்கிய சூட்டோடு கோரையையும் நாணலையும் வேரோடு பிடுங்கினோம். தண்ணீரில் சாய்ந்து கிடந்த மரங்களையும் அறுத்து வெளியே இழுத்துப் போட்டோம். போட்டோவில் ஆறு பளிச்சென்று விழுந்தது. அடுத்த வெள்ளத்தில் சரியாக அந்த இடத்தில்தான் கரை ஓர் ஆள் உயரத்துக்குப் பிய்ந்து விழுந்தது. மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தது நாணல் வேர். மீன் குஞ்சுகள் ஒதுங்க இடம் கொடுத்தது சாய்ந்த மரம். குப்பையை மட்டும் பொறுக்கியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, தண்ணீர் ஓடும் தடத்தை மட்டும் ஆறு என்று நினைப்பது. ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். புல்லும் மக்கிய இலையும் உள்ள நிலத்தில் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கும். பிறகு மெல்லக் கசிந்து, மழையில்லாத மாதங்களிலும் ஆற்றுக்கு வந்து சேரும். அதுவே தாரிலும் கான்கிரீட்டிலும் விழுந்தால் எண்ணெய், மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு உடனே ஓடி வந்துவிடும். ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து வரும் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படி மூடப்பட்டாலே ஓடைகள் கெடத் தொடங்கிவிடும். கரையோரம் வேலி போட்டுவிட்டு மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரிக்க விடுவதால் என்ன பயன்? நியூயார்க் நகரம் 1997இல் இதைப் புரிந்துகொண்டு ஓர் ஒப்பந்தம் போட்டது. பல நூறு கோடி டாலர் வடிகட்டும் ஆலைக்குப் பதிலாக, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிலம் வாங்கியது, அங்குள்ள விவசாயிகளுக்குக் கழிவு மேலாண்மையில் உதவியது.

வருடத்தில் சில வாரங்களே ஓடும் சிற்றோடைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழாயைப் புதைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். ஓர் ஆற்றையும் அதில் வந்து சேரும் எல்லா ஓடைகளையும் சேர்த்து நீளத்தைக் கூட்டினால் பெரும்பகுதி இதுபோன்ற சிற்றோடைகள்தான்.

அடுத்தது மரம் நடுவது. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், தெரியும். 'தரிசு' என்றொரு சொல் வைத்திருக்கிறோமே, அதுதான் பாதி வினை. விளைச்சல் இல்லையென்றால் நிலம் சும்மா கிடக்கிறது என்று பொருளாகிவிடுகிறது. இயற்கையான புல்வெளி சும்மா கிடப்பதில்லை, மழையைப் பிடித்து வைக்கிறது. அங்கே வேகமாக வளரும் வெளியூர் மரங்களைக் கொண்டுபோய் நட்டால் ஓடைக்கு வர வேண்டிய தண்ணீரை அவையே குடித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் அரசுத் திட்டம் போட்டு, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து சீகை (வாட்டில்), பைன், யூகலிப்டஸ் போன்ற வெளியூர் மரங்களை வெட்டி எடுக்கிறார்கள். காடு அழிந்த இடத்தில், அங்கே முன்பு இருந்த மரங்களையே நடுங்கள். புல்வெளியைப் புல்வெளியாக விடுங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றை நேராக்குவதும் இதே ரகம். அமெரிக்காவின் புளோரிடாவில் கிஸ்ஸிம்மி ஆறு சுமார் 166 கி.மீ. வளைந்து வளைந்து ஓடியது. 1962 முதல் 1971 வரை வெட்டி, 90 கி.மீ. கால்வாயாக்கினார்கள். இருபுறமும் இருந்த சதுப்பு வறண்டது, குளிர்காலத்தில் வந்த நீர்ப்பறவைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பிறகு 1999இல் தொடங்கி 2021 வரை, தோண்டிய கால்வாயில் ஒரு பகுதியைத் தூர்த்து பழைய வளைவுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெள்ளம் பரவும் நிலத்தில் கட்டடம் எழாமல் பார்த்துக்கொள்வது இதைவிட மிக மலிவு.

கடைசியாக ஒன்று. வெயில் நாளில் போய் நின்று பார்த்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். நல்ல மழையில் குடையோடு கிளம்பி, ஆற்றோரமாக மேல்நோக்கி நடங்கள். தெளிந்து வரும் ஓடைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் செம்மண் குழம்பாக வந்து கலக்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஏறினால் அநேகமாக ஒரு வெட்டிய சரிவில், இல்லையென்றால் புதிதாகப் போட்ட மண்பாதையில் போய் நிற்பீர்கள். வேலையை அங்கே தொடங்கலாம். ஓடைக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள், முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.