பிளக்ஸ் மீட்டரில் எண் தானாக நகர்கிறதா?

காந்தப் பாயத்தை (ஒரு பரப்பின் வழியே செல்லும் மொத்தக் காந்தப்புல அளவை) அளக்கும் மின்னணு பிளக்ஸ் மீட்டர், அதனுடன் இணைத்த கம்பிச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை நேரத்தோடு தொடர்ந்து கூட்டியே அளவைக் காட்டுகிறது. ஆகவே இடையில் நுழையும் மிகச் சிறிய மின்னழுத்தமும் சேர்ந்துகொண்டே போய், காந்தம் அருகில் இல்லாதபோதும் எண் நகரும். ஏற்காட்டுக் குளிரிலிருந்து சேலத்து வெயிலுக்குக் கருவியைக் கொண்டுவந்தவர்கள், அதை இயக்கி அரை மணி நேரமாவது விட்டுவைத்த பின் அளப்பது நல்லது. சுருளின் இணைப்பு முனைகளில் மின்விசிறிக் காற்றோ கைச்சூடோ படக்கூடாது. வெவ்வேறு உலோகங்கள் சேரும் அவ்விடத்தில் வெப்ப வேறுபாடே மைக்ரோவோல்ட் அளவில் மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். (சேலத்து ஏப்ரலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமை, மேசையை நகர்த்தினாலே போதும்.) சுருளை அசையாமல் காந்தத்தருகே வைத்து, எண் நிற்கும் வரை டிரிஃப்ட் (எண் நகர்வைச் சரிசெய்யும்) குமிழைத் திருத்தி, பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்தியவுடன் சுருளைப் புலத்திலிருந்து முழுதாக வெளியே இழுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றெண்ணிக்கையைத் தானே கணக்கிடாத கருவியாயின், 100 சுற்றும் 2 சதுர செ.மீ. பரப்பும் உள்ள சுருளுக்கு 2 மில்லிவெபர்-சுற்று காட்டும்போது, அதைச் சுற்றெண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான பாயம் 20 மைக்ரோவெபர், அதைப் பரப்பால் வகுத்தால் புலம் 0.1 டெஸ்லா. கஞ்சமலை மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது) கல் போன்ற வலுக்குறைந்த மாதிரிகளுக்குச் சுற்றுகள் அதிகமுள்ள சுருளே ஏற்றது.