தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை, அதனால் தண்ணீர் சுத்தமா?

எங்கள் பக்கம் உயர்தர உயிரியல் பிள்ளைகள் செயற்றிட்டம் செய்யும்போது இரண்டு தலைப்புகள் அடிக்கடி வரும். ஒன்று பொலித்தீன் கூடாரத்து மரக்கறி, மற்றது கொன்டாக்ட் லென்ஸ் சுத்தம். முதலாவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை, நுவரெலியாவில் எந்தச் சரிவைப் பார்த்தாலும் கூடாரம் தெரியும். இரண்டாவது கல்யாண வீடுகளால் வந்தது. கலர் லென்ஸ் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்கு மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது.

கூடாரத்தில் பெரிய தவறு எண்ணிக்கையில் நடக்கிறது. ஒரு கூடாரத்துக்கு அல்பர்ட் கரைசல் என்ற திரவ உரம், பக்கத்துக் கூடாரத்துக்கு மாட்டெரு, ஒவ்வொன்றிலும் 20 தக்காளிச் செடி. "மொத்தம் 40 செடி டீச்சர்" என்பார்கள். ஆனால் ஒப்பிட்டது இரண்டே இரண்டு கூடாரங்களைத்தான். ஒன்றில் காலை வெயில் விழுகிறது, மற்றதைச் சவுக்கு மரம் மறைக்கிறது என்றால், வித்தியாசம் எதனால் வந்தது? ஒரே கூடாரத்துக்குள் சீட்டுக் குலுக்கி இரண்டு உரத்துச் செடிகளையும் கலந்து வையுங்கள். வாரம் ஒருமுறை சாடிகளை இடம் மாற்றுங்கள்.

உயரத்தை மட்டும் அளப்பதும் ஏமாற்றும். வெளிச்சம் போதாத செடி மெலிந்து நெடுநெடுவென்று வளரும், அதற்குப் பெயர் செழிப்பு அல்ல. உலர் நிறையையும் (செடியைக் காயவைத்த பின் உள்ள நிறை) எடுங்கள். அப்புறம், இரவில் பொலித்தீனின் உட்பக்கம் நீர் கோத்து, விடியும்போது வளைகம்பி ஓரமாக ஒரே வரிசையில் சொட்டும். அந்த வரிசை இலைகள் மட்டும் அழுகும். குறிப்பேட்டில் எழுதாவிட்டால் பழி உரத்தின் மேல் விழும்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு மாணவி இரண்டு ஏகர் தட்டுகளை, அதாவது கிருமி வளர்க்கும் ஜெலி ஊற்றிய தட்டுகளைக் கொண்டுவந்தாள். ஒன்றில் பீலித் தண்ணீரில் (ஊற்றிலிருந்து வரும் தண்ணீரில்) கழுவிய லென்ஸைத் தடவியிருந்தாள், மற்றதில் லென்ஸ் கரைசலில் ஊறியதை. இரண்டும் வெறுமை. "அப்போ பீலித் தண்ணி போதும்தானே டீச்சர்?"

போதாது. குழாயிலும் ஊற்றிலும் மண்ணிலும் அகந்தமீபா என்ற ஒருகல உயிர் வாழ்கிறது. சாதாரண ஏகரில் அது பற்றீரியா போல கொலனியாக, அதாவது கண்ணுக்குத் தெரியும் திட்டாகத் தெரியாது. ஆய்வுகூடங்களில் போசணையற்ற ஏகரின் மேல் அதற்கு இரையாகப் பற்றீரியாவைப் பரப்பித்தான் வளர்ப்பார்கள். அதன் சிறைப்பை (தடித்த உறைக்குள் உறங்கும் நிலை) வழக்கமான குளோரினுக்கும் தாக்குப்பிடிக்கும். லென்ஸோடு கருவிழிக்குப் போய்விட்டால் கடும் வலி, மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குப் பார்வையே போய்விடும். லென்ஸில் எந்தத் தண்ணீரும் படக்கூடாது, கொதித்தாறிய தண்ணீரும்தான்.

கரைசல் தட்டின் வெறுமைக்கும் வேறு காரணம் இருக்கலாம். லென்ஸில் ஒட்டியிருந்த கரைசலே தட்டுக்குப் போய் வளர்ச்சியைத் தடுத்திருக்கும். அதே கரைசலில் ஒரு துளி விட்ட தட்டில் ஈஸ்ட்டைப் பரப்பிப் பாருங்கள். அதுவும் முளைக்காவிட்டால் உங்கள் பூச்சியத்துக்கு அர்த்தமில்லை. லென்ஸ் கரைசல்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14729இன் முதன்மை அளவுகோல்கூடக் கரைசலிடம் கேட்பது பற்றீரியாவில் 99.9 சதவீதக் குறைவும் பூஞ்சையில் 90 சதவீதக் குறைவும்தான். பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றி நிரப்பினால் அந்த அளவும் கிடைக்காது.

மூன்றாவது காரணம் எங்கள் குளிர். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. மேசையில் வைத்த தட்டு இரண்டு நாளில் வெறுமையாக இருந்தால் அது சுத்தத்துக்குச் சாட்சி ஆகாது. 25 பாகையளவில் வையுங்கள். 37 வேண்டாம், மனித உடலில் வாழும் கிருமிகளுக்கு அது வசதி. முளைத்த தட்டைத் திறக்கவும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏகரைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால், எதுவும் தடவாத தட்டிலேயே கொலனி வரும். இங்கே 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ஏகரைக் கிருமிநீக்கும் 15 இறாத்தல் அழுத்தத்து பிரஷர் குக்கர் கடல் மட்டத்தில் 121 பாகையைத் தொடும், இங்கே சுமார் 118தான். புத்தகத்தில் 15 நிமிடம் என்றிருந்தால் நாங்கள் 30 நிமிடம் வைக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை முடிவுரையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: "இந்த ஏகரில், 16 பாகையில், 48 மணித்தியாலத்தில் கொலனிகள் தென்படவில்லை. அகந்தமீபா இருக்கிறதா என்று இந்த முறையால் சொல்ல முடியாது."