மதியக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

கோவையில் மே மாத வெயிலில் மதியக் கச்சேரி கேட்கப் போகிறீர்கள் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். பாட்டுக்கு முன் ராகத்தை மெதுவாக விரிக்கும் ஆலாபனையிலேயே கண் சொக்கிவிடும். ஒரு சொம்பு கம்மங்கூழும் நாலு சின்ன வெங்காயமும் போதும்.

வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். கிளம்புவதானால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது கிளம்புங்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிலிலிருந்து ஏசி அரங்குக்குள் வந்த மிருதங்கத்தின் தோல் இளகும், இறுகும். அதைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து வாசிப்பவருக்குக் கிடைக்கும் நேரமே அதுதான்.

அப்புறம், ஸ்ரீராகம், மத்தியமாவதி என்ற இரண்டு ராகங்களும் நண்பகலுக்கு உரியவை என்பது மரபு. ஸ்ரீராகத்தில் அமைந்த கிருதி, அதாவது பாட்டு, ஒன்றைப் பாடச் சொல்லிச் சீட்டு கொடுப்பதானால் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், மதியக் கச்சேரியில் நேரம் குறைவு.