வெள்ளவத்தையில் தங்கினால் களனி ஆற்று வழியே மேலே போய் வாருங்கள்

கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தையில் இரண்டு நாள் நின்று, சாமான் வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்விடுவதுதான் நம்மவர் பலரின் வழக்கம். குளம், வாய்க்கால் என்றாலே நமக்கு இரணைமடுதான் நினைவுக்கு வரும். ஆனால் கொழும்பும் தண்ணீரைக் கட்டியும் வெட்டியும் வளர்ந்த ஊர்தான். அதைப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கலாம்.

முதல் நாளுக்குத் தூரம் போகத் தேவையில்லை. சவோய் தியேட்டருக்குக் கிட்ட, காலி வீதிப் பாலத்தின் கீழே ஓடுகிறதே ஒரு கால்வாய், அது கிருலப்பனைப் பக்கம் தேங்கும் மழைத்தண்ணீரைக் கடலுக்கு விட பிரித்தானியர் காலத்தில் வெட்டியது. வெயில் நேரத்தில் மணக்கும், காலையில் போங்கள். பேரே வாவியும் இயற்கையானதல்ல. கொழும்புக் கோட்டையைக் காக்கப் போர்த்துக்கேயர் தேக்கிய தண்ணீர்.

பிறகு வத்தளைப் பக்கம் ஹமில்டன் கால்வாய். 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். அதற்கு முன்னரே அந்தப் பக்கம் வெட்டிய கால்வாய்களால் கடல்நீர் உள்ளே புகுந்து, முத்துராஜவெல வயல்களெல்லாம் உவராகிப் போயின. அந்த உப்புத்தண்ணீரை வடிக்கத்தான் ஹமில்டன் கால்வாய். நெல் திரும்பவில்லை. இப்போது முத்துராஜவெல சதுப்புநிலச் சரணாலயம். விடியற்காலைப் படகுச் சவாரியில் நிறையப் பறவைகள் பார்க்கலாம். கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

களனி கங்கையின் நீளம் 145 கிலோமீற்றர். மழைக்காலச் செய்திகளில் 'நாகலகம் வீதி நீர்மட்டம்' என்று அடிக்கடி கேட்பீர்கள். கொழும்புக்கு வெள்ளம் வருமா என்பதை அந்த அளவுகோலை வைத்துத்தான் சொல்வார்கள். 1947 வெள்ளத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். உங்கள் அறைக் குழாயில் வருவதில் பெரும்பங்கு அம்பத்தளையில் இந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர். கடும் வரட்சியில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். அதைத் தடுக்க மணல் மூட்டை அடுக்கிய காலமும் உண்டு.

இரண்டாம் நாள்தான் முக்கியம். வானோ காரோ பிடித்து விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிடுங்கள். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியே ஹற்றன் போகும் பாதையில் ஆறு பல இடங்களில் கூடவே வரும். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்ற இரண்டும் சேர்ந்துதான் களனி ஆகிறது. இரண்டையும் மேலேயே மறித்திருக்கிறார்கள், வயலுக்காக அல்ல, மின்சாரத்துக்காக. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இந்த யோசனையை முன்வைத்தார். ஆனால் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். பிறகு காசல்ரீ அணை, 1969இல் மவுசாக்கலை அணை. ஒரே தண்ணீர் ஒரு நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு, கீழே அடுத்த அணையில் தேங்கி, மறுபடியும் சுற்றும்.

மவுசாக்கலையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அணை கட்டியபோது ஊரை மேலே மாற்றினார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வரட்சி மாதங்களில் பழைய கோவிலின் இடிபாடுகள் வெளியே தெரியும். சேறு காய்ந்திருந்தால் நடந்தும் போவார்கள். நிரம்பியிருந்தால் தேயிலைச் சரிவுகளும் சிவனொளிபாதமலையும்தான் தெரியும், அதுவும் மோசமில்லை. மஸ்கெலியா கடைத்தெருவில் தமிழிலேயே பேசலாம். ஊர் இடம்பெயர்ந்த கதையை அங்குள்ள வயதானவர்களிடம் விசாரியுங்கள். எந்தத் தகவல் பலகையையும்விட அவர்கள் விபரமாகச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் போனால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளைக் காட்சிப்பொருளாகப் படம் எடுக்காதீர்கள். நம்மவர்களே அதைச் செய்வதுதான் கூடுதல் எரிச்சல்.

அணைகளில் காவல் இருக்கும், படம் எடுக்கமுன் கேளுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கீழே பாறைகள் காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். மேலே மழை கொட்டினால் வான்கதவைத் திறப்பார்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், வார இறுதியில் மஸ்கெலியா வீதி நெரியும். ரயிலில் போக விரும்பினால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஹற்றனுக்குப் போகலாம். மண்சரிவு வந்தால் பாதையை மூடிவிடுவார்கள், முதல் நாளே விசாரியுங்கள். ஒரு ஸ்வெட்டர், குடை, அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பு. பின்னேரம் மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். கினிகத்தேனை வளைவுகளில் மூடுபனி விழுந்தால் வாகனம் ஊரத்தான் வேண்டும்.